கையை எடுத்தால் ஊளையிட்ட ரேடியோ

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பாக்டரி இஞ்சின் டிரைவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் அந்த மலையில் முதல் ரேடியோவைக் கட்டியவன் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்காகக் கட்டியது. கொழும்புப் பாட்டு மெதுவாகத்தான் கேட்டது. வருகிற அலையைப் பெருக்க பல்பு மாதிரி இன்னொரு கண்ணாடி வால்வு சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பாட வைத்தால், பாக்டரிக்கு வரப்போகும் டைனமோ என் பொறுப்பு என்று துரை சொல்லியிருந்தார்.

இஞ்சினைக் காதாலேயே சரிசெய்து பழகியவன் நான். குமிழைத் திருகினேன், பாட்டு கணீரென்று வந்தது. கையை எடுத்தேன், நரி மாதிரி ஊளை. கை கிட்டே போனால் அடங்கும், எடுத்தால் ஊளையிடும். சனிக்கிழமை மத்தியானம் வரை இதே கூத்து.

பாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் எங்கள் டீமேக்கர், கொழுந்து வாடும் சூட்டை மணிக்கு மணி கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பவர். ஆட்கள் முன்னால் அவரைக் கோலம் போடுகிறவர் என்று நான் கேலி செய்ததுண்டு. அவர் வந்து சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன டிரைவரே, கோலம் போடுறவன் ஒண்ணு சொல்லலாமா?"

வேறு வழியில்லை. சொல்லுங்கய்யா என்றேன்.

"காத நம்பாதீங்க. குமிழு எங்க நிக்குது, முள்ளு எங்க நிக்குதுன்னு புள்ளி வச்சிக்கிட்டே வாங்க. கைய மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க."

குமிழில் ஒரு நீள மூங்கில் குச்சியைக் கட்டித் திருகினேன். வால்வில் ஓடும் மின்சாரத்தைக் காட்டும் முள்ளை அவர் பார்த்துப் புள்ளி வைத்தார். கோடு சீராகப் போய், பாதித் தாளில் பொத்தென்று விழுந்தது. ஊளை தொடங்கியதும் அங்கேதான். கையை வைத்துக்கொண்டு இன்னொரு கோடு போட்டோம்; அது வெகுதூரம் தள்ளித்தான் விழுந்தது. என் கைதான் கோளாறை மூடி வைத்திருந்தது.

இரண்டு வால்வுகளின் கம்பிச் சுருள்களும் அருகருகே இருந்ததால் ஒன்றின் அலை மற்றதில் ஏறித்தான் ஊளை வருகிறது என்று பட்டது; இரண்டையும் தள்ளி வைத்தேன். கோடு கொஞ்சம் நீண்டது. ஒன்றைக் குறுக்காகத் திருப்பினேன். கோடு விழாமல் தாளின் ஓரம் வரை போனது.

ஞாயிற்றுக்கிழமை துரையே குமிழைக் கடைசி வரை திருகிக் கையை எடுத்தார். ஊளையே இல்லை, பாட்டு அப்படியே கணீரென்று கேட்டது. எப்படிச் செய்தாய் என்று கேட்டார். எல்லாம் என் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். டீமேக்கர் முந்திக்கொண்டார்.

"டிரைவர் இப்ப நல்லா கோலம் போடுறாருங்க."

டைனமோ எனக்குத்தான் வந்தது. இன்றைக்கும் ரேடியோ விஷயத்தில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஆனாலும் எந்த வேலையையும், கையை எடுத்துவிட்டு ஒரு தடவை பார்க்காமல் முடிந்தது என்று நான் சொல்வதில்லை.