ஸ்டார்ட் பண்ணு, ஓட்டாதே!

எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே தயிர்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பக்கத்து வீட்டு ரவி, தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் தூக்கி, இன்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். தேன் நிறத்திலோ கறுப்பாகவோ எண்ணெய் ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை வெளேரென்று கொழகொழப்பாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்த நானே இரண்டடி பின்வாங்கினேன். ரவிக்கு எப்படி இருந்திருக்கும்? மூடியைக் கையில் வைத்துக்கொண்டு போர்ச் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரவி இங்கே பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் இன்ஜினியர். பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்டு மாதம் கழித்து முந்தின நாள்தான் வந்து இறங்கினார். போகும்போது காரைப் பற்றி மனைவி சாந்திக்கு ஒரே ஒரு கட்டளை: "வாரத்துக்கு ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு நிமிஷம் போதும். காடிய ரோட்டுல மட்டும் எடுத்துடாதே லா!"

சாந்தி கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் டீச்சர். லைசென்ஸ் இருக்கிறது. ஆனாலும் பஸ், ஃபெர்ரி, மறுபடி பஸ் – இப்படித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனார். கார் போர்ச்சில் ஓய்வெடுத்தது.

ஞாயிறுதோறும் ஜப்பானிலிருந்து போன் வரும். "காடி எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. "நீ எப்படி இருக்கே?" என்பது நேரமிருந்தால்...

அதோடு விட்டாரா? இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டாக வேண்டுமாம்! சாந்தி காரில் ஏறுவார். ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே? அது நான். "அண்ணே, இன்னும் நல்லா அழுத்தச் சொல்லுங்க!" என்று ஜப்பானிலிருந்து உத்தரவு வரும். நான் கையைக் காட்டுவேன். சாந்தி ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். தெருவே அதிரும்.

இப்போது அந்த ரவிதான் கத்தினார்.

"என்ன பண்ணி வச்சிருக்கே? நிக்கிற காடியில எண்ணெ பூராவும் கீழ இறங்கிடும். மேல உள்ள பார்ட்டெல்லாம் காஞ்சு கிடக்கும். ஸ்டார்ட் பண்ண உடனே அழுத்தினா இரும்பும் இரும்பும் உரசும்! ரெண்டு நிமிஷத்துல ஆஃப் பண்ணா இன்ஜின் சூடே ஆகாது. உள்ள தண்ணி வேர்த்து எண்ணெயோட கலந்து, இப்படித்தான் ஆகும். நல்லா சூடு ஏற அரை மணி நேரமாச்சும் ரோட்டுல..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

சாந்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"ரோட்டுல? சொல்லுங்க... ரோட்டுல என்ன பண்ணணும்?"

ரவி என்னைப் பார்த்தார். நான் பானெட்டைப் பார்த்தேன்.

"அழுத்தச் சொன்னது நீங்க. அண்ணேதான் சாட்சி. ஓட்டக் கூடாதுன்னு சொன்னதும் நீங்க. இவ்வளவு தெரிஞ்சும் சொல்லியிருக்கீங்க. இன்ஜின் போனாலும் போகட்டும், இவ ஓட்டிடக் கூடாது... அப்படித்தானே?"

குரல் உயரவே இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"மழையில ஃபெர்ரிக்கு நின்னு நின்னு போனேங்க. காடி வீட்டுலதான் இருந்துச்சு."

எனக்குத் தயிரைப் பார்த்ததைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி. ரவி கெட்டவர் இல்லை. வீட்டுச் சாவி, பீரோ சாவி, பேங்க் புத்தகம் எல்லாம் சாந்தியிடம்தான். கார் சாவி மட்டும் ஏன் கையை விட்டுப் போக மறுக்கிறது? நம் ஆண்களைக் கேட்டால், "அவளுக்குப் பழக்கமில்லை" என்பார்கள். சாவியைக் கொடுக்காமல் பழக்கம் எங்கிருந்து வரும்?

அன்று மாலையே பழைய எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினார் ரவி. இன்ஜின் பிழைத்துக்கொண்டது. மேலே லேசாக ஒரு டக்டக் சத்தம் மட்டும் போகவில்லை. இனிப் போகாது என்கிறார். பிறகு சாவியைச் சாந்தியிடம் நீட்டினார்.

திங்கட்கிழமையிலிருந்து சிவப்புக் கார் பினாங்குப் பாலத்தைத் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் போய் வருகிறது. ரவி ஃபேக்டரி பஸ்ஸில்!

இதையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, நேற்று சாவகாசமாகக் கேட்டாள்: "நம்ம காடி சாவி எங்கங்க?"

அவளிடமும் லைசென்ஸ் இருப்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது... கல்யாணத்துக்கு முன்பே எடுத்ததாம்!