பீலியில் வராத தண்ணீர்

விடுமுறைக்கு நாமே சமைத்துச் சாப்பிடும் வீடு ஒன்றை எடுப்போம் என்று சொன்னவர் என் கணவர். யாழ்ப்பாணத்துக்காரர், மலை என்றால் குளிரும் பூவும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். 'நாமே' என்றதில் அவர் சேர்த்தி இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். கொழும்பில் ஆக்கிப் போடுவதை அக்கரப்பத்தனைப் பக்கம் போய் ஆக்கிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் சரி என்றேன். நான் பிறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில். ஒற்றைக் காம்பராவில் ஆறு பேரோடு படுத்து வளர்ந்தவளுக்குத் துரை பங்களாவில் தங்கிப் பார்க்க ஆசை இருக்காதா?

வீடு பள்ளத்தாக்கின் சரிவில் இருந்தது. முன்பு தோட்டத்துச் சின்னத்துரை இருந்த பங்களா. காவல்காரர் சாவியைக் கொடுத்து, கேஸ் அடுப்பைக் காட்டிவிட்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறிவிட்டார். குளியலறையில் எருமை படுக்கும் அளவுக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. மறுநாள் காலை என் மகள்கள் இருவரும் அதை நிரப்பிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் ஆறினால் திறந்துவிட்டு, மறுபடி சுடுதண்ணீர். கொழும்பில் மீற்றர் ஓடுகிறது என்று கத்துகிற நான், மலைத் தண்ணீர்தானே என்று சும்மா இருந்தேன். குசினியில் நானும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழேயிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது.

"என்னப்பா, செத்த வீடோ?" என்றார் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. மலையைப் பற்றி எனக்கே சொல்ல வந்துவிட்டார்! "சாமிக்கு அடிக்கிற அடி இது. திருவிழா. எங்க ஊர்த் தப்பு எனக்குத் தெரியாதா?" என்றேன். மகள்களையும் கூப்பிட்டேன். தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு விறாந்தைக்கு ஓடி வந்தார்கள். சின்னவள் தாளத்துக்கு ஆட ஆரம்பித்தாள். நான் கைதட்டினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

தேயிலைக்கு நடுவே ஒரு சிறு கூட்டம் ஏறி வந்தது. முன்னால் தப்படிப்பவர்கள், பின்னால் குடங்களோடு பெண்கள். எங்கள் வேலிக்குக் கீழே இருந்த பீலியடியில் நின்றார்கள். ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடம் அது. லயத்துச் சனங்கள் குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். தப்பு நின்றது. பெண்களில் ஒருத்தி ஒப்பாரியை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வந்திருக்கிறார்கள். சின்னவளைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினேன்.

பீலியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சட்டையில்லாமல், கண் வீங்கிய ஒரு மனிதர் வேலியருகே வந்தார். திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"மன்னிச்சுக்கங்க நோனா, பிள்ளைங்க குளிச்சு முடிச்சிட்டாங்களா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"மேல உங்க டாங்கி நெறஞ்சாத்தான் பீலிக்குத் தண்ணி எறங்கும். கெஸ்டு வந்தா அப்பிடித்தாங்க. காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். குளிக்கிற நேரத்துல வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்துட்டோம். அம்மாவ இதுக்கு மேல வச்சிருக்க ஏலாதுங்க. மழை எறங்குனா குழி நெறஞ்சிரும்."

பெற்றவளைக் கிடத்திவிட்டு, அவளைக் கழுவத் தண்ணீர் இல்லாமல், நாங்கள் ஆடிப்பாடிக் குளித்து முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். மரியாதைக்காக! கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஏங்க, ஒரு சத்தம் போட்டிருக்கலாமே! நானும் லயத்துப் பிள்ளைதாங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "குசினிக்குப் பின்னால ஒரு வால்வு இருக்குங்க. அதத் திருப்புனா நேரா பீலிக்கு வந்துரும்" என்றார்.

ஓடினேன். துருப்பிடித்துக் கிடந்த வால்வைக் கணவரும் நானும் சேர்ந்து திருகினோம். தண்ணீர் முதலில் கலங்கலாக விழுந்தது. தெளியும்வரை நின்று குடங்களை நிரப்பினார்கள். தப்பு மறுபடி ஆரம்பித்தது. சாவுக்கு அடிக்கிற அடி. சின்னவள் உள்ளே தேம்பிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் இறங்கத் தொடங்கியதும் அவர் மட்டும் திரும்பி வந்தார். நன்றி கின்றி சொல்லிவிடப் போகிறாரோ என்று எனக்குப் பதறியது.

"இன்னும் எத்தன நாளைக்கு இருப்பீங்க நோனா? நாளைக்கு வீடு கழுவணும், குழிக்குப் பால் ஊத்தணும். வால்வு இப்பிடியே இருந்தா உங்களுக்கு மேல தண்ணி இருக்காதே, அதான் கேட்டேன்."

"இப்பவே போயிர்றோம்ங்க" என்றேன்.

"அவசரம் இல்லங்க" என்றார் அவர். "பிள்ளைங்க சாப்பிட்டுட்டுப் போகட்டும்."