கூடப்பிறந்தவர் இல்லை என்று சொன்னேன்

குன்னூரில் தேயிலைத் தரகர் அலுவலகம் ஒன்றில் முப்பத்துமூன்று வருஷம் தட்டச்சராக இருந்தேன். வாராவாரம் ஏலத்துக்கு வரும் தேயிலையின் பட்டியலை அடித்துக் கொடுப்பது என் வேலை. எந்தத் தொழிற்சாலை, என்ன ரகம், எத்தனை மூட்டை என்று பக்கம் பக்கமாகப் போகும். இருபத்திரண்டு வயதில் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்தவள், கல்யாணம் கூடிவராமல் அங்கேயே தங்கிவிட்டேன். மேல் குன்னூரில் ஒரு லைன் வீடு. முன்னறை, சமையலறை, பின்னால் ஒரு பேரி மரம். அதற்குமேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

தேயிலை விலை விழுந்தபோது முதலில் யாரும் பதறவில்லை. அடுத்த மாதம் ஏறிவிடும் என்றார்கள். ஏறவில்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சின்ன விவசாயிகள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். அலுவலகத்துக்குப் போகும் வழியில் இடுப்புயரத் தோட்டங்கள் தலைக்குமேல் வளர்ந்து நின்றன. பதினோரு பேர் இருந்த அலுவலகத்தில் நான்கு பேர் மிஞ்சினோம். என்னைத் தவிர இருந்த ஒரே பெண், கோத்தகிரிப் பக்கத்துப் படுகப் பெண்மணி. ஒரு வெள்ளிக்கிழமை அவரையும் அனுப்பிவிட்டார்கள். போகும்போது பெண்கள் கழிப்பறைச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அந்தச் சாவி என் கைப்பையிலேயே கிடந்தது. வேறு யாருக்கும் அது தேவையில்லை.

மாதவிலக்கு எனக்கு ஐம்பதாவது வயதில் நின்றது. சனியன் விட்டது என்று சந்தோஷம்தான் பட்டேன். சில மாதம் கழித்து, புல்மேல் உறைபனி விழுகிற தை மாதத்தில், முதல் சூடு வந்தது. நெஞ்சுக்குள் அடுப்பைப் பற்றவைத்தது போல ஒரு வெக்கை கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். முகம் சிவந்து ரவிக்கை நனைந்துவிடும். நாலைந்து நிமிஷம்தான். அது போனதும் வியர்வை குளிர்ந்து பல் கிட்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை.

ஸ்வெட்டரைக் கழற்றினேன், மாட்டினேன். சன்னலைத் திறந்தேன். மேலாளர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனுஷர், கழுத்தில் மப்ளர் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

"ஏனுங்கம்மா, இந்தக் குளிர்ல சன்னலைத் தொறந்து வெச்சிருக்கறீங்க?"

"புழுக்கமா இருக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார், வெளியே இருந்த மூடுபனியைப் பார்த்தார், மப்ளரை இறுக்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனார். அடுத்து யாரை அனுப்புவது என்ற பட்டியல் அவர் மேசையில் இருப்பதாகப் பேச்சு. உடம்பு சரியில்லாதவள் என்று பெயர் வாங்க நான் தயாராக இல்லை.

வெக்கையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். தூக்கம் போனதுதான் என்னைக் கவிழ்த்தது. மூன்று மாதம் தொடர்ந்து ஒரு மணிநேரம்கூட முழுதாகத் தூங்கவில்லை. படித்த வரியையே திரும்பப் படித்தேன். கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று நின்றேன். ஒருநாள் ஏலப் பட்டியலில் ஒரு தொழிற்சாலையின் நல்ல இலை ரகத்தை டஸ்ட், அதாவது தூள், என்று அடித்துவிட்டேன். அச்சாகி வந்தபிறகுதான் தெரிந்தது. மேலாளர் கத்தவில்லை. "உங்ககிட்ட இந்த மாதிரி வந்ததே இல்லீங்களே" என்றார். அந்த வாரமே லீவு சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். குன்னூரில் டாக்டர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே யார் எந்த ஆஸ்பத்திரிப் படியேறினார்கள் என்பது மறுநாள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் பெண் டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவிருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். கர்ப்பப்பை இருக்கிறதா, எடுத்தாயிற்றா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கலாமுங்க. இந்தச் சூடு, வேர்வை, தூக்கம் எல்லாத்துக்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை. எலும்புக்கும் நல்லது. ஆனா சும்மா தூக்கிக் குடுத்துடற மருந்தும் இல்லை. கால்ல ரத்தம் கட்டலாம், பக்கவாதம் வர வாய்ப்பு கொஞ்சம் கூடும். கர்ப்பப்பை இருக்கறதனால அதைக் காப்பாத்த இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத் தரணும். ரெண்டும் சேர்த்து வருஷக்கணக்குல சாப்பிட்டா மார்புப் புற்றுநோய் வர்றதுக்கும் கொஞ்சம் வாய்ப்பு கூடுது. முன்னெல்லாம் நாங்க தாராளமா எழுதிட்டிருந்தோம். இப்ப ஆளைப் பார்த்துத்தான் எழுதறோம்."

பிறகு வரிசையாகக் கேள்விகள். கல்லீரல் கோளாறு? இல்லை. காலில் வீக்கம்? இல்லை. அம்மா எப்படி இறந்தார்? சர்க்கரை.

"கூடப்பிறந்த பொண்ணுங்க யாருக்காச்சும் மார்புல கட்டி, புற்றுநோய் இருந்திருக்குதுங்களா?"

"எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லீங்க" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. கேள்வி முடிவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

எனக்கு ஒரு தங்கை உண்டு. நான்கு வயது இளையவள். உடுமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் வீடு, புருஷன், இரண்டு பையன்கள். நாற்பத்திரண்டாவது வயதில் அவளுக்கு வலது மார்பை எடுத்தார்கள். விலை விழத் தொடங்கிய முதல் வருஷம் அது. ஆபரேஷனுக்கு நான் போனேன். "ஒரு மாசம் கூடவே இரு அக்கா, எனக்குப் பயமா இருக்குது" என்றாள். மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்கிறார்கள், லீவு போட்டால் என் பெயர்தான் முதலில் வரும் என்றேன். அது உண்மை. அவள் மார்பில் போட்டிருந்த கட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. அதன்பிறகு பொங்கலுக்கு ஒரு போன், தீபாவளிக்கு ஒரு போன். போனில் கேட்பேன், நன்றாக இருக்கிறேன் என்பாள், வைத்துவிடுவோம்.

மாத்திரை வேலை செய்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் கண்விழித்தபோது சன்னலில் வெயில் இருந்தது. பால்காரர் வந்து போயிருந்தார், எனக்குத் தெரியவே இல்லை. அத்தனை நேரம் தூங்கியிருக்கிறேன். படுக்கையில் உட்கார்ந்து அழுதேன். சூடு தினம் ஒன்றாகி, பிறகு வாரம் ஒன்றாகி, நின்றேவிட்டது. பட்டியலில் தவறு வரவில்லை. முழங்கால் வலிகூடக் குறைந்தது.

மாதத்தில் பன்னிரண்டு நாள் இரண்டாவது மாத்திரையையும் சேர்த்துப் போட வேண்டும். அதை நிறுத்தியதும் மறுபடி மாதவிலக்கு வந்தது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தாலும் ஐம்பத்தோரு வயதில், தலை நரைத்தபின், மருந்துக் கடையில் நாப்கின் கேட்டு நிற்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைக்காரர் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "ஊட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு மாதமும் எனக்கு யாரோ ஒரு விருந்தாளி வந்துபோவதாக அவர் நினைத்திருப்பார். மாத்திரை சாப்பிட்ட அந்த இரண்டு வருஷத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் பால்காரரும் மீட்டர் பார்க்கிறவரும்தான்.

மாத்திரையை ஆரம்பிக்கும்போதே மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதித் தந்திருந்தார் டாக்டர். வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்றார். அதை மடித்துப் பீரோவில் வைத்தேன். அடுத்த முறை போனபோது கேட்டார், அடுத்த தடவை எடுக்கிறேன் என்றேன். இரண்டாம் வருஷக் கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"படம் எடுக்காம இனி மாத்திரை எழுத மாட்டேனுங்க. எடுத்துட்டு வாங்க."

எடுத்தேன். குளிர்ந்த பலகைக்கு நடுவில் மார்பை அழுத்தி, மூச்சை அடக்கச் சொன்னார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது பக்கத்தில் ஒரு நிழல் தெரிகிறது, ஸ்கேன் செய்து ஊசி வைத்துப் பார்க்க வேண்டும், பயப்பட வேண்டாம் என்றார். எனக்கு அவர் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"டாக்டர், எனக்கு ஒரு தங்கச்சி இருக்குது."

அவர் நிமிர்ந்தார்.

"நாப்பத்திரெண்டு வயசுல அதுக்கு ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. உங்ககிட்ட யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன். சொன்னா மாத்திரை குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பழைய சீட்டை எடுத்து, கூடப்பிறந்தவர் இல்லை என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

"அவ்வளவு சின்ன வயசுல தங்கச்சிக்கு வந்திருக்குதுன்னா நான் ரொம்ப யோசிச்சிருப்பேன். முதல்லயே படம் எடுத்துப் பார்த்திருப்பேன். ஹார்மோன் இல்லாத மருந்து சிலது இருக்குது, அதைக் குடுத்துப் பார்த்திருப்பேன். அதுவும் கேக்கலைன்னா, கொஞ்ச அளவுல, கொஞ்ச நாளைக்கு இதையே குடுத்திருந்தாலும் குடுத்திருப்பேன். அது நீங்களும் நானும் பேசி முடிவு பண்ண வேண்டியதுங்க. நீங்க தனியா முடிவு பண்ணிட்டீங்க."

ஊசி வைத்தார்கள். முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார்கள். குன்னூருக்குத் திரும்பி வேலைக்குப் போனேன். அந்த வாரம் ஏலத்தில் பாதித் தேயிலை விலைபோகாமல் திரும்பியது. செத்துப்போனால் அலுவலகத்திலிருந்து யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்று யோசித்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த தாளில் அப்பாவின் பெயர் இருக்கும். அவர் போய்ப் பதினேழு வருஷம்.

வெறும் நீர்க்கட்டி. டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனாலும் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார், சரி என்றேன். வெளியே வந்து, குன்னூர் திரும்ப மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குப் போகாமல், உக்கடம் போய் உடுமலை பஸ் ஏறினேன்.

தங்கை களத்தில் தேங்காய்ப் பருப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் மட்டும் புரட்டிப் போட்டாள். வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கியிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி ஆகிவிட்டது என்று அவள் போனில் சொன்னதில்லை.

"என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கறே? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல." பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியவில்லை. "எனக்குக் கூடப்பிறந்தவங்களே இல்லைன்னு டாக்டர்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

அவள் புரட்டுவதை நிறுத்தவில்லை. "எதுக்கு?"

சொன்னேன். வெக்கை, தூக்கம், தப்பாக அடித்த பட்டியல், மாத்திரை, ஊசி வைத்தது, எல்லாவற்றையும்.

"அந்தச் சூடு எப்படி வந்துச்சு உனக்கு? நெஞ்சுல ஆரம்பிச்சுதா?"

"ஆமா. அப்புறம் காதுவரைக்கும்."

"எனக்கு முதுகுல ஆரம்பிக்கும்" என்றாள். "மருந்து ஏத்தறப்பவே மாசாமாசம் வர்றது நின்னு போச்சு. நாப்பத்திரெண்டு வயசு. உனக்காச்சும் அங்க குளுரு. இங்க சித்திரை வெயில். ஈரத் துண்டைப் போத்திட்டு மோட்டார் ரூம்ல போய் உக்காந்துக்குவேன். டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், இதுக்கு மருந்தே இல்லீங்களான்னு. இருக்குது, ஆனா உனக்கு ஆகாதுன்னுட்டாங்க. நாலஞ்சு வருஷம் ஆச்சு அடங்கறதுக்கு."

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் போன் செய்துகொண்டிருந்த அதே வருஷங்களில் இவள் மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"எப்பச் சொல்றது? மூணே நாள்ல போயிட்டே. அப்பறம் போன்ல. அவரு பக்கத்துல நிக்கறப்ப, பெரியவன் நிக்கறப்ப, இதையெல்லாமா பேசறது?"

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்துவிட்டாள்.

"இல்லைன்னு சொன்னது பெருசில்லக்கா. அப்ப நீ அப்படித்தான இருந்தே. வா, சோறு ஆறுது."

அன்றும் மறுநாளும் இருந்தேன். பருப்பு புரட்டினேன், அவளுடைய வீங்கிய கைக்குத் துணி சுற்றிவிட்டேன். எப்படிச் சுற்ற வேண்டும், எங்கே இறுக்கக் கூடாது என்று சொல்லித் தந்தாள். பேச்சு அதற்குமேல் போகவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தாள், ரோடுவரை வரவில்லை.

மழைக்காலம் முழுக்க மாத்திரையைக் குறைத்தேன். சூடு திரும்பி வந்தது, ஆனால் முன்பு போல இல்லை, தூங்க முடிந்தது. எலும்புக்கு நட, ராகி சாப்பிடு என்றார் டாக்டர். நடக்கிறேன். அந்த மாத்திரையைச் சாப்பிட்டதற்காக நான் வருத்தப்படவில்லை. எனக்கு அது தேவைப்பட்டது. அதை வாங்க நான் சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அலுவலகத்தை இரண்டு வருஷம் கழித்து மூடினார்கள். நான் குன்னூரிலேயே இருந்துகொண்டேன். மலைக்கு வா என்று தங்கையைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறேன். குளிர் ஆகாது என்கிறாள். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும், கேட்பதில்லை. நான்தான் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறங்கிப் போகிறேன். போனில் அவளுடைய கைவீக்கத்தைக் கேட்பேன், அவள் என் முழங்காலைக் கேட்பாள். சில சமயம் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே கேட்கிறாள். வேறு எதைப் பற்றியும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.