கதவைத் திறக்க விடாத பெனாசிர்

பெனாசிரின் தகப்பனார் முகைதீன் விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரி. அவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, அங்கேயே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அத்தாவின் குடோனில் மூட்டைகள் எந்த நேரம் புழுங்குகின்றன என்று பார்க்கத்தான் அவள் அந்தப் பெட்டியைச் செய்தாள்.

சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். முகப்பில் ஒரு சின்னத் திரை, ஒரு பொத்தான். உள்ளே மைக்ரோகண்ட்ரோலர் என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் சில்லு. கால் மணி நேரம் தூங்கும். ஒரு நொடி விழித்து வெப்பத்தை அளந்து தனக்குள் எழுதிக்கொண்டு மறுபடி தூங்கிவிடும். இரண்டு பேட்டரி ஒரு வருஷம் ஓடும். பேட்டரி செத்தாலும் எழுதியது அழியாது.

தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த அய்யாதுரை அதைக் கேள்விப்பட்டு அவளைக் கூப்பிட்டார். பொறி பட்டால் ஆபத்து என்பதால், வெடிமருந்து வைக்கும் மருந்தறைக்குள் கரண்டு கொண்டுபோக முடியாது. அவருக்கு இது தோதாக இருந்தது. 2008 ஆவணியில் பெனாசிர் பெட்டியை வெளிச்சுவரில் மாட்டி, ஒரு சென்சாரை அறைக்குள்ளும் இன்னொன்றை வெளியிலும் விட்டாள். திங்கட்கிழமைதோறும் வந்து பார்த்துப் போனாள்.

"தெர்மாமீட்டர் இருக்கு, நானும் இருக்கேன். இது எதுக்குத் தாயி?" என்றார் போர்மேன் ஜெயபாண்டி.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை அவள் போனபோது பெட்டியின் திரை வெறுமையாக இருந்தது. முந்தின நாள் மழை. ஜெயபாண்டி சாவியோடு நின்றார்.

"ஒம் பெட்டி மண்டையப் போட்டுருச்சு."

அவள் ஈரத்தைத் துடைத்து, வேறு பேட்டரி போட்டு, பொத்தானை அழுத்தினாள். எழுதியதெல்லாம் இருந்தது. ஞாயிறு மதியம் வெளியே இருபத்தைந்து டிகிரி, உள்ளே முப்பத்தொன்று. பிறகு முப்பத்து மூன்று, முப்பத்தாறு. ஆறு மணிக்கு நாற்பத்தொன்று. அதோடு நின்றிருந்தது.

"அண்ணாச்சி, கதவைத் தொடாதீக."

"தண்ணி போன பெட்டி தப்பாத்தான் காட்டும். அம்பது பேரு வேலைக்கு நிக்காக, சாயங்காலம் லோடு போகணும்."

"தப்புன்னா தாறுமாறா இருக்கும். இது படிப்படியா ஏறியிருக்கு, பாருங்க. வெளிய குளுருறப்ப உள்ள ஏன் சூடேறணும்? உள்ள என்ன வச்சிருக்கீக?"

ஜெயபாண்டி குனிந்து திரையில் இருந்த எண்களைப் படித்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"சனிக்கிழமை கலந்த மருந்து மிச்சமாயிருச்சு. அழிச்சிருக்கணும். அங்கனயே வச்சுப் பூட்டிட்டேன்."

அலுமினியப் பொடி கலந்த மருந்து நனைந்தால் தானே சூடேறும். அது அவருக்குத் தெரியாததல்ல. கூரை ஒழுகியிருக்க வேண்டும்.

பெனாசிர் கதவுக்கு முன்னால் இருந்து நகரவில்லை. ஜெயபாண்டி சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "எல்லாரும் வேலிக்கு அங்கிட்டுப் போங்க" என்று அவரே சத்தம் கொடுத்தார். கடைசி ஆள் போனதும்தான் பெனாசிரும் போனாள். பாலம்மாள் என்ற தொழிலாளி தலைகளை எண்ணினாள். ஐம்பத்திரண்டும் சரியாக இருந்தன.

தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே மருந்தறைக் கூரை பறந்தது. ஒரு சுவர் சரிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

விசாரணையில் ஜெயபாண்டி எதையும் மறைக்கவில்லை. "அந்தப் புள்ள மறிக்கலைன்னா மொத ஆளா நான்தான் உள்ள போயிருப்பேன்" என்றார். போர்மேன் வேலை அவரை விட்டுப் போயிற்று.

எல்லா அறைக்கும் பெட்டி வேண்டும் என்றார் அய்யாதுரை. பாராட்டவும் செய்தார். பெனாசிர் பாராட்டை ஏற்காமல் தலையசைத்தாள்.

"பெட்டிக்குள்ள தண்ணி போனது என் தப்பு சார். மத்தியானத்துக்கு முந்தியே நனைஞ்சிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

விளிம்பில் ரப்பர் வைத்துப் புதுப்பெட்டி செய்தாள். அதை ஒரு வாரம் வாளித் தண்ணீரில் முக்கிவைத்துப் பார்த்த பிறகே தாயில்பட்டி பஸ் ஏறினாள்.