உருகிப்போன குப்பி

பீளமேட்டு ஆய்வகம் ஒன்றில் பதினான்கு வருஷமாக டெக்னீஷியன் ஜெயக்கொடி. பல்லடத்துப் பண்ணையிலிருந்து வரும் கோழி முட்டைகளை ஏழு நாள் அடைகாக்கும் பெட்டியில் வைத்து உடைப்பாள். உள்ளிருக்கும் கருவின் காதிலிருந்து, கடுகைவிடச் சிறிய நரம்புமுடிச்சைச் சிதையாமல் எடுத்து, சின்னத் தட்டிலுள்ள ஜெல்லில் பதிப்பாள். அந்தக் கை வேறு யாருக்கும் வரவில்லை.

ஜூனில் ஆராய்ச்சி மாணவியாக ஹர்ஷிணி வந்தாள். ஜெயக்கொடி பதித்துக் கொடுத்த முடிச்சுக்குச் சற்றுத் தள்ளி, வளர்ச்சிக் காரணி என்கிற புரதத்தில் ஊறிய ஒரு சின்ன மணியை வைத்தாள். கருவில் உள்காதின் செல்களே அந்தப் புரதத்தைச் சுரக்கும். நரம்பு அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், கிடைக்காத நரம்பு செத்துவிடும். மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அத்தனை நரம்புகளும் மணியை நோக்கி நீண்டிருந்தன.

பேராசிரியர் வரதராஜுலு எல்லாரையும் கூப்பிட்டார். "வந்து பாருங்க, ஹர்ஷிணி என்ன செஞ்சுபோட்டா பாருங்க!"

முடிச்சை எடுத்துக் கொடுத்தது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெயக்கொடியும் குனிந்து பார்த்தாள். வயிறு எரிந்தது. அன்று சிங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெகுநேரம் கரண்ட் இல்லை. திங்கட்கிழமை முதலில் வந்த ஜெயக்கொடி ஃப்ரீசரைத் திறந்தாள். மணியை ஊறவைக்கும் புரதக் குப்பி சாய்ந்து கிடந்தது; உள்ளே இருந்தது உருகி, சாய்ந்தபடியே மறுபடி உறைந்திருந்தது. இனி அதற்கு வீரியம் இருக்காது. நோட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, குப்பியை நிமிர்த்தி வைத்துவிட்டு முட்டை உடைக்கப் போனாள்.

மூன்று வாரம் ஒரு நரம்பும் நீளவில்லை. ஹர்ஷிணியின் முகம் வாட வாட, ஜெயக்கொடிக்கு மதியச் சோறு ருசித்தது.

நாலாவது வாரம் வரதராஜுலு சலித்துக்கொண்டார். "முடிச்சு எடுக்கறப்பவே நசுங்குதோ என்னமோ."

ஹர்ஷிணி வெடுக்கென்று சொன்னாள்: "அக்கா கையக் குத்தம் சொல்லாதீங்க சார். தப்பு எம்மேலதானுங்க."

பழியை ஏற்பதிலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்றிருந்தது ஜெயக்கொடிக்கு. அதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"ரெண்டு பேரு மேலயும் தப்பில்லீங்க சார். குப்பி உருகிப்போச்சுங்க. அன்னைக்கே பார்த்துட்டு நாந்தான் சொல்லாம உட்டுட்டேன்."

"எதுக்குங்க்கா?" என்றாள் ஹர்ஷிணி.

"பொறாமைதான் அம்மணி. வேறென்ன?"

வரதராஜுலு எழுத்தில் விளக்கம் கேட்டார். ஜெயக்கொடி ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள். வேலை போகவில்லை, ஃப்ரீசர் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஹர்ஷிணி பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதுக் குப்பி வந்ததும் நரம்புகள் முன்போலவே மணியை நோக்கி நீண்டன.

அன்று ஜெயக்கொடி பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்றாள். "எனக்கும் ஒரு தட்டு குடுங்க சார். மணியையும் நானே வெச்சுப் பார்க்கறேனுங்க."

அவர் அரைமனதோடுதான் தலையாட்டினார்.

மூன்று நாள் கழித்துத் தன் தட்டைப் பார்த்தாள். ஐந்தாறு நரம்புகள் மணியை எட்டியிருந்தன. பக்கத்தில் ஹர்ஷிணியின் தட்டு. பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே எடுத்து வைத்துப் பார்த்தாள். அதில் நரம்புகள் அடர்ந்து கிடந்தன. பழைய எரிச்சல் மறுபடி கிளம்பியது.

"மணிய எத்தனை நேரம் ஊறவெச்ச அம்மணி?" என்று கேட்டாள்.

ஹர்ஷிணி சற்றுத் தயங்கிவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.