நடிக்கத் தெரியாத வெள்ளைச்சாமி

ஓசூருக்கு வந்து பல வருடங்கள் ஆகியும் வெள்ளைச்சாமிக்குக் கன்னடத்தில், சாப்பிட்டாச்சா என்று கேட்கும் "ஊட்டா ஆய்த்தா" தவிர ஒன்றும் தெரியாது. அதில் பெருமை வேறு. ராமநாதபுரத்துக்காரனுக்கு இன்னொரு பாஷை எதற்கு என்பான். அங்கே ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டினான். மனைவி சரசம்மா, எல்லையோர வேப்பனப்பள்ளிக்காரி, மூன்று பாஷையில் பேரம் பேசிக் குடும்பம் ஓட்டினாள்.

தொண்ணூறாம் வருட மழையில் நிமோனியா வந்து, பெங்களூர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் மூச்சு மிஷினோடு கிடந்து பிழைத்தான். சட்டைப் பொத்தான் போடக்கூட விரலில் தெம்பில்லை. பிசியோதெரபி அம்மா அவனைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டுக் கைதட்டிக் கைதட்டி ஏதோ சொன்னாள். சரசம்மா அப்போது மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்தவன் படுத்தவன்தான். சாத்துக்குடியோடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே முறையீடு: "செத்துப் பொழைச்சு வந்தவனப் பாத்து அந்த ஆஸ்பத்திரிக்காரி நடிக்கிறேன்னு சொல்லிட்டாய்யா!"

"அசையாதண்ணே," என்றான் கம்பெனித் தொழிற்சங்கத்துச் சின்னராஜ். "எந்திரிச்சு நடந்தீன்னா அவ சொன்னது நெசம்னு ஆயிரும்."

அவன் குடியிருந்த லைன்வீடு முழுக்க ஆமோதித்தது. ஓய்வெடுக்கச் சொல்ல அங்கே யாருக்கும் டாக்டர் பட்டம் தேவைப்படவில்லை. வெள்ளைச்சாமி தன் நேர்மையை நிரூபிக்க மல்லாந்தே கிடந்தான். தொடைதான் இளைத்துக்கொண்டே போனது.

கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான்: அடுத்த மாதம் முதல் தேதி சொந்தக் காலில் வந்தால் வேலை, இல்லையென்றால் அவன் மிஷினுக்கு வேறு ஆள்.

"அந்தம்மா என்னதான் சொல்லிச்சு? அப்டியே சொல்லுய்யா," என்றாள் சரசம்மா.

"'நடி, நடி'ன்னா."

சரசம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "அட மனுசா! கன்னடத்துல நடின்னா நடந்து போன்னு அர்த்தம்!"

வெள்ளைச்சாமிக்கு, வந்துபோன முகங்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"வெளிய சொல்லிறாத."

"சொல்லல. எந்திரி மொதல்ல."

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தான். மூச்சு இரைத்தால் திட்டினான், திட்டினால் இன்னும் இரைத்தது. சரசம்மா இரண்டையும் காதில் வாங்கவில்லை.

முதல் தேதி கம்பெனி பஸ்ஸுக்கு நடந்து போனான். சின்னராஜ் முறைத்தான். "அப்ப அவ சொன்னது நெசந்தானாண்ணே?"

உண்மையைச் சொன்னால் ஷிப்டே ரிட்டயர்மெண்ட் வரை சிரிக்கும். வெள்ளைச்சாமி கம்பியைப் பிடித்துப் படியில் உடம்பை இழுத்து ஏற்றினான். உள்ளே ஒருவனும் இந்த 'நடிகனுக்கு' எழுந்து இடம் தரவில்லை. மேல்கம்பியில் தொங்கியபடி, கம்பெனி கேட் வரும்வரை நின்றுகொண்டே போனான்.