பச்சை விளக்கு எரிந்தது, பேச்சுதான் இல்லை

ஊரடங்கெல்லாம் முடிந்து, லோக்கல் ரயிலில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று விட்டார்களே, அதற்கு அடுத்த மழைக்காலம். தாராவியில் எங்கள் வீட்டுத் தகரக்கூரையை மாற்றியதும் அப்போதுதான், அதனால் மறக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

என் தொழில் வயர் இழுப்பது. முதலில் டெலிபோன், பிறகு கேபிள் டி.வி. மான்குர்த்தில் ஒரு வீட்டில் நான் இழுத்த வயரிலேயே ஈரத்துணியைக் காயப் போட்டுவிட்டு, படம் தெரியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அது வேறு கதை. அப்புறம் கம்ப்யூட்டர் வயர் வந்தது.

செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். பில்லுக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று மூன்று கம்ப்யூட்டருக்கு மூன்று வயர் நான்தான் போட்டிருந்தேன். அதைக் கழற்றவும் என்னையே கூப்பிட்டார்கள். மாட்டுங்காவிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்திருந்தாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாக எடுத்திருக்கும் முதல் வேலை என்றாள். ஒரு பெரிய பெட்டியைக் காட்டி, மூன்று கம்ப்யூட்டரும் இனி இதற்குள்தான் என்றாள். வெளியே வருவது ஒரே ஒரு வயர்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏந்தாயி, மூணு பேரு பேச்சும் ஒத்த வயர்ல போனா கலந்துராதா?"

"கலக்காது அங்கிள். லாண்டரியிலே துணிக்குக் குறி போடறா இல்லையா, அந்த மாதிரி. பில்லுக்குப் பத்து, ரிப்போர்ட்டுக்கு இருபது, கேமராவுக்கு முப்பது. பெட்டிக்குள்ளேயே நம்பர் போட்டு அனுப்பறேன். அந்தப் பக்கம் நம்பரைப் பார்த்துப் பிரிச்சுக்கும்."

"அப்ப உள்ள மூணு கம்ப்யூட்டர் இருக்கோ? தொறந்து காட்டேன், பாப்போம்."

"தொறந்தா ஒண்ணும் தெரியாது. இருக்கற மாதிரி நடந்துக்கும், அவ்வளவுதான்."

"எங்க வீட்டுச் சொசைட்டி செகரெட்டரி மாரின்னு சொல்லு. பேரு போர்டுல இருக்கும், ஆளத்தான் பாக்க முடியாது."

விழுந்து விழுந்து சிரித்தாள். பழையதைக் கழற்றிப் பெட்டியை மாட்டியதும் எல்லாம் ஓடியது. கவுன்டரில் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று முன்பக்கம் போனாள்.

அந்த ஒற்றை வயர் போய்ச் சேருவது, வரிசையாக ஓட்டைகள் உள்ள சுவிட்ச் பெட்டிக்கு. பார்த்தேன், வயர் விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றது. வயர் என்றால் கொஞ்சம் தொய்வு வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும். இது என் கைப்பழக்கம். கழற்றி, கிட்டே காலியாக இருந்த ஓட்டையில் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. திருப்தியாக டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் ஒரே சத்தம். கவுன்டரில் வரிசை நிற்கிறது, ரிப்போர்ட் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வருவதற்குள் சரியாகாவிட்டால் பழைய கம்ப்யூட்டர்களையே மாட்டிக்கொள்கிறேன், நீங்கள் கிளம்பலாம் என்று மேனேஜர் அந்தப் பெண்ணிடம் ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தார்.

"பெட்டி நன்னாத்தான் பேசறது அங்கிள். உள்ளே இருக்கற மூணும்தான் ஊமையா இருக்கு. நான்தான் நம்பரை எங்கேயோ தப்பாப் போட்டுட்டேன்" என்றாள். கேமராவுக்குப் போட்டதை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அப்போதும் வரவில்லை.

"பச்ச வெளக்கு எரியுதுல்லா தாயி?"

"வயர் இருக்குன்னுதான் அதுக்கு அர்த்தம். நம்பர் போட்டு வர்றதை விடணும்னு நான் ஒரே ஒரு ஓட்டைக்குத்தான் சொல்லி வெச்சிருக்கேன். மத்த ஓட்டையெல்லாம் விடாது."

வயரை ஓட்டை மாற்றிச் சொருகியது நான்தானே. அன்றுவரை எனக்கு ஓட்டை என்றால் எல்லாம் ஓட்டைதான். சொன்னால் இனி யார் இந்தக் கிழவனைக் கூப்பிடுவார்கள்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. என்மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன். அடுத்து ரிப்போர்ட்டுக்குப் போட்டதையும் அழிக்கக் கையை வைத்தாள்.

"நிப்பாட்டு தாயி! நாந்தான் வயர மாத்திச் சொருவிட்டேன்."

"எங்கே?"

"பக்கத்து ஓட்டைல. விறைச்சுக்கிட்டு நின்னுச்சேன்னு..."

ஓடிப்போய்ப் பிடுங்கிப் பழைய இடத்தில் சொருகினாள். சற்று நேரத்தில் கவுன்டரிலிருந்து, "ஆ கயா, ஆ கயா!" என்று, வந்துவிட்டது வந்துவிட்டது என்று குரல் வந்தது.

மேனேஜர் வந்தார். வயர் இடம் மாறியிருந்தது என்று மட்டும் சொன்னாள். மாற்றியது நான்தான் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் நானே சொன்னேன். "காகா, ஆப் பீ நா!" என்று, நீங்களுமா பெரியவரே என்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அவள் திட்டவில்லை. "ஏன் மாத்தினேள்?" என்று கேட்டாள். சொன்னேன். வயரைத் தொட்டுப் பார்த்தாள்.

"நிஜம்தான், இழுத்துண்டுதான் இருந்திருக்கு. நீளமா ஒண்ணு பண்ணிக் கொடுங்கோ. அந்த ஓட்டையிலே நானும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கணும்."

நீளமாகச் செய்து கொடுத்தேன். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த நம்பரை எங்கே எப்படிப் போடுகிறாய் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் வாய் திறக்காமல் போயிருந்தால், செய்யாத தப்பைத் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே அந்தப் பெண் ரயில் ஏறியிருப்பாள். அந்தக் கொஞ்ச நேர மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வயர் வேலை பார்த்தால், ஒரு கடையில் பெட்டிகளைத் தூசி தட்டுகிறவராக இருந்தாலும் சரி, எனக்காக அவரிடம் இதைச் சொல்லுங்கள்: நல்லதுக்கென்று எதை நகர்த்தினாலும் நகர்த்தலாம், நகர்த்தியதை அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.